மீன் ஒட்டுண்ணி ஆய்வு: படகில் தொடங்கி அருங்காட்சியகம் வரை யார் யார் சேர வேண்டும்?

கரையோர மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். கடல் உயிரியலில் ஆய்வு செய்கிறேன். மீனின் செவுளிலும் வாயிலும் ஒட்டி வாழும் ஐசோபாடு பூச்சிகள்தான் என் பாடம். பூச்சி என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் இவை இறால், நண்டு வகையறா. இங்கே மீனவர்கள், பண்ணை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டு ஆய்வகங்களில் வேலை பார்ப்பவர்கள் என எல்லாரும் இருப்பதால் ஒரு விஷயத்தைப் பேசிப் பார்க்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கானாங்கெளுத்தி வாங்கும்போது செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். சில மீன்களில் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக, வெண்ணெய் நிறத்தில் ஒரு பூச்சி செவுளுக்கும் மூடிக்கும் நடுவே அடைந்து கிடக்கும். உடம்பு ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். இடது செவுளில் குடியிருந்தால் ஒரு பக்கம், வலதில் இருந்தால் மறுபக்கம். கால்கள் ஏழு ஜோடி, ஒவ்வொன்றின் நுனியிலும் கொக்கி. இடுக்கியால் வெடுக்கென்று இழுத்தால் செவுள் இழையும் பிய்ந்து வரும். அது இருந்த இடத்தில் இழைகள் குட்டையாகி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பெண் பூச்சியைப் புரட்டிப் போட்டால் அடிப்பக்கம் ஒரு பை. அதில் முட்டையோ, கண் மட்டும் கருப்பாகத் தெரியும் குஞ்சுகளோ நிறைந்திருக்கும்.

இதன் பெயர் நோரிலெக்கா இண்டிகா. 1840இல் பிரான்சின் மில்ன் எட்வர்ட்ஸ் விவரித்தது. 1990இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் நீல் புரூஸ் நோரிலெக்கா என்ற பேரினத்தை உருவாக்கி இதை அதற்குள் கொண்டுவந்தார். 2017இல் தென்னாப்பிரிக்கக் குழு ஒன்று டிஎன்ஏ தகவலோடு இதை மறுபடியும் முழுமையாக விவரித்தது. ஆக, நம் சந்தையில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் ஒரு பூச்சியை இன்னதுதான் என்று உறுதியாகச் சொல்ல மூன்று கண்டத்து ஆட்களும் ஏறக்குறைய 180 வருடமும் வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தப் பூச்சி சேர்ந்த சைமோதோயிடே குடும்பத்தில் எல்லாம் முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாக மாறுபவை. குஞ்சு, ஆண், பெண் மூன்றும் வேறு வேறு தோற்றம். ஒரே இனத்தின் வெவ்வேறு பருவங்களுக்கு வெவ்வேறு பெயர் போட்ட கதை பழைய நூல்களில் நிறைய.

இப்படிப்பட்ட குழப்பத்தைத் தனி ஆளாகத் தீர்க்க முடியாது. நம் பக்கத்திலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. இந்திய மீன்களில் பதிவான சைமோதோயிடே குடும்பத்துப் பூச்சிகளின் பட்டியல் 2011இல் வெளிவந்தது. எழுதியவர்கள் பிரான்சின் ஜான் பால் ட்ரில்ஸும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ரவிச்சந்திரனும் ரமேஷ்குமாரும். எந்தப் பூச்சி எந்த மீனில், எந்தப் பெயர் சந்தேகத்துக்குரியது என்று பார்க்க இன்றும் முதலில் அதைத்தான் திறக்கிறேன்.

என் வாதம் இதுதான். வெளிநாட்டு வல்லுநரோடு சேர்வது பற்றி நிறையப் பேசுகிறோம். ஆனால் சங்கிலி அறுந்து கிடப்பது அங்கே இல்லை, நம் மீன் இறங்குதளத்தில். மீன் பிடிப்பவரையும் விற்பவரையும் ஆய்வில் பங்காளியாகச் சேர்க்காதவரை பட்டியலில் பாதிக்குக் கேள்விக்குறிதான் போட முடியும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நாகை வலைக்காரன்:

வணக்கம் தங்கச்சி. நீ சொல்ற பூச்சிய சின்னப் புள்ளையிலேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கேன். கானாங்கெளுத்தில மட்டும் இல்ல, கருப்பு வவ்வாலோட வாயத் தொறந்தா நாக்கு மேலயே ஒக்காந்திருக்கும். முரல்லயும் பாத்திருக்கேன். எங்க வீட்டுல அத எடுத்துப் போட்டுட்டு மீன கழுவி கொழம்பு வச்சிருவாங்க, இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. ஆனா வாங்க வர்றவங்க அதப் பாத்தா மீனே வேணாம்னு போயிடுறாங்க. ஏலத்துல வெலையும் கொறையுது. அது மனுசனுக்குக் கெடுதலா இல்லையான்னு படிச்ச புள்ள நீ எழுதினா நாலு பேருக்குக் காட்டுவேன்.

இன்னொண்ணு. விசைப்படகு இழுத்துட்டு வர்ற மடி வலையில கெடைக்கிற மீன்ல பூச்சிய எடுத்துட்டு இது இந்த மீனோடதுன்னு எழுதுனா அது தப்பாத்தான் போவும். மீன் செத்ததும் பூச்சி கழண்டு ஓடும். குவியல்ல கெடக்குற வேற மீனுக்குள்ள போயி பூந்துக்கும். வழிவலையில ஒவ்வொரு மீனா கழட்டுற எங்களக் கேட்டாத்தான் சரியாத் தெரியும்.

கரையோர மாணவி:

அண்ணா, முதல் கேள்விக்கு நேரடிப் பதில். இந்த ஐசோபாடு மனிதரைத் தொற்றாது. மீனின் ரத்தத்தை உறிஞ்சி வாழத்தான் அதன் வாய் அமைந்திருக்கிறது. எடுத்துப் போட்டுவிட்டு மீனைச் சமைத்துச் சாப்பிடலாம். உயிரோடு கையில் பிடித்தால் கொக்கிக் கால் குத்தும், அவ்வளவுதான். தயங்காமல் எல்லாருக்கும் காட்டுங்கள்.

கருப்பு வவ்வால் வாயில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சைமோதோவா எரெமிட்டாவாக இருக்கும். அந்த மீனில் அது பலமுறை பதிவாகியிருக்கிறது. படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல மாட்டேன்.

இரண்டாவதாக நீங்கள் சொன்னதுதான் இந்த இழையின் உயிர்நாடி. பூச்சி மீன் மாறுவது தெரியாமல் எழுதப்பட்ட பதிவுகள் எத்தனையோ. அது ஒரு பட்டியலுக்குள் நுழைந்துவிட்டால் அடுத்த கட்டுரை அதை மேற்கோள் காட்டும், அதற்கடுத்தது அதையும். கடலிலேயே மீனை வலையிலிருந்து கழற்றியதும் தனிப் பையில் போட்டுக் கட்டிவிட்டால் இந்தச் சந்தேகமே எழாது. அதை ஆய்வகத்தில் இருந்துகொண்டு நான் செய்ய முடியாது, நீங்கள்தான் செய்ய முடியும்.

மீன் வைத்தியர்:

மனிதருக்குக் கெடுதல் என்றால் பயப்பட வேண்டியது இந்தப் பூச்சிக்கு அல்ல, அனிசாகிஸ் போன்ற உருளைப்புழுக்களுக்கு. அந்தக் கதையிலும் கூட்டு வேலைதான் காப்பாற்றியது. நெதர்லாந்தில் பச்சை ஹெர்ரிங் மீன் சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான வயிற்றுவலி வந்தது. அறுவைச் சிகிச்சையில் வெட்டியெடுத்த குடல் பகுதியில் புழு இருந்தது. மருத்துவர்கள் அதை ஒட்டுண்ணி வல்லுநர்களிடம் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவரான ஃபான் தீலின் குழு 1960இல் அதை வெளியிட்டது. 1968இல் ஹெர்ரிங்கை உறைய வைத்த பிறகே விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது, நோய் சட்டென்று குறைந்தது. கொதிக்கும் குழம்பில் இந்தப் புழு பிழைக்காது. அரைவேக்காட்டில் சாப்பிடுபவர்களும் பச்சை மீன் உணவகங்களுக்குப் போகிறவர்களும்தான் கவனிக்க வேண்டும்.

வான்கூவர் வாசி:

மாணவி, இறங்குதளம் முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாடுகள் சேராவிட்டால் கேள்விக்கே விடை கிடைக்காத சந்தர்ப்பங்களும் உண்டு. நான் வசிக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மீன் ஒட்டுண்ணி ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

வட பசிபிக்கில் சாக்கை சால்மன் பெரிய வியாபாரம். அமெரிக்கா, கனடா, ஜப்பான் மூன்றும் 1952இல் ஒப்பந்தம் போட்டன. மேற்கு 175 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே ஜப்பான் சால்மன் பிடிப்பதில்லை என்று தற்காலிகமாக ஒரு கோடு போட்டார்கள். நடுக்கடலில் மேய்கிற சால்மன் எந்த ஆற்றில் பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. அலாஸ்காவில் பிறந்ததா, ரஷ்யாவின் கம்சட்காவில் பிறந்ததா? கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறதா? கலந்து திரியும் மீனை முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது.

நனைமோவில் உள்ள பசிபிக் உயிரியல் நிலையத்தில் வேலை பார்த்த லியோ மார்கோலிஸ், மீனின் உடம்பில் இருந்த புழுக்களைக் கேட்டார். அலாஸ்காவின் மேற்குப் பகுதி ஏரிகளில் பைக் என்ற வேட்டை மீன் உண்டு. அதன் குடலில் வாழும் ட்ரையனோஃபோரஸ் க்ராசஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம், கோப்பிபாடு என்ற நுண்ணிய நீர்ப்பூச்சி வழியாகச் சால்மன் குஞ்சின் தசைக்குள் புகும். குஞ்சு வளர்ந்து கடலுக்குப் போனாலும் புழு தசையிலேயே தங்கிவிடும். கம்சட்கா ஏரிகளில் வளரும் குஞ்சுகளுக்கு வேறொரு புழு, குடலில் வாழும் உருளைப்புழு. அன்று அதை டாக்னைடிஸ் ட்ரூட்டே என்றார்கள். இரண்டும் நன்னீரில் மட்டுமே தொற்றுபவை. அதனால் நடுக்கடலில் பிடித்த சால்மனின் தசையில் நாடாப்புழு இருந்தால் அது அலாஸ்காக்காரன், குடலில் இந்த உருளைப்புழு இருந்தால் ஆசியாக்காரன். யாரும் அழிக்க முடியாத பிறப்புச் சான்றிதழ்!

அந்த ஒப்பந்தத்தால் அமைந்த மூன்று நாட்டு ஆணையத்தின் வெளியீடாகவே அந்த ஆய்வு 1963இல் வந்தது. இரு கரை மீன்களும் பெரும் பரப்பில் கலந்து திரிகின்றன என்பது தெரிந்தது. மீனுக்காக முட்டிக்கொண்ட நாடுகள் ஒரே தரவை வைத்துப் பேச ஒரு புழு வழி செய்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

ஓய்வு பெற்ற வாத்தியார்:

அருமையான பதிவு தம்பி. ஒரு சந்தேகம். இரண்டு புழுவுமே இல்லாத மீன் இருந்தால் அது எந்தக் கரை?

வான்கூவர் வாசி:

நல்ல கேள்வி ஐயா. புழு இருந்தால்தான் சாட்சி. இல்லாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரு ஏரியில் பிறந்த எல்லாக் குஞ்சுக்கும் தொற்று வருவதில்லை. அதனால்தான் ஏராளமான மீன்களை அறுக்க வேண்டும், ஒவ்வோர் ஆற்றிலும் எத்தனை சதவீதம் தொற்று என்றும் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். கம்சட்கா மீன் இல்லாமல் கனடாக்காரர் மட்டும் இதைச் செய்திருக்க முடியாது.

இப்போது ஒரு புழுவை மட்டும் நம்புவதில்லை. ஐரோப்பாவில் 2000 முதல் 2003 வரை குதிரைக் கானாங்கெளுத்தி என்ற மீனின் கூட்டங்களைப் பிரித்தறிய ஹோம்சிர் என்ற திட்டம் நடந்தது. முடிந்தவரை ஒரே மீனிலிருந்தே ஒருவர் ஒட்டுண்ணியை எடுத்தார், ஒருவர் காதுக்கல்லை, இன்னொருவர் மரபணுவுக்குத் திசுவை. எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கூட்டு ஆய்வு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தஞ்சை மீன்குளம்:

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க அனுபவத்தையும் கேளுங்க. கெண்டை, ரோகு வளக்கிறேன். ஒரு வருஷம் ரோகு மேல மீன் பேன் ஏறிடுச்சு. மீன் குளத்துக் கரையில, மூங்கில்ல உடம்பத் தேய்ச்சுக்கிட்டே கெடக்கும், தீனி எடுக்காது, தோல்ல செவப்பு செவப்பாப் புள்ளி. ஒரு ஆய்வுக் குழு வந்தாங்க. தண்ணி எடுத்தாங்க, மீன் எடுத்தாங்க, பேன் எடுத்தாங்க, போட்டோ புடிச்சாங்க. அப்புறம் ஒரு போன்கூட இல்ல. எங்க குளத்து மீனப் பத்தி அவங்க எழுதுனது கட்டுரையாச்சோ பட்டமாச்சோ, எங்களுக்கு என்ன மருந்து, என்ன வழின்னு ஒருத்தர் திரும்பி வந்து சொல்லல. இப்ப யாராவது டப்பா தூக்கிட்டு வந்தா உள்ள விடவே மனசு வர்றதில்ல.

அந்தப் பேனுக்கு வழி சொன்னது பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர். அது முட்டைய மீன் மேல வைக்காது, கெட்டியான பொருள் மேலதான் ஒட்டும். குளத்துல மூங்கில் தட்டி நட்டு வச்சு, நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவ எடுத்து வெயில்ல காயப் போட்டா முட்டை செத்துடும். நாங்க செஞ்சோம், நல்லாக் கொறஞ்சுது.

கரையோர மாணவி:

அண்ணா, உங்கள் கோபம் முழுக்க நியாயம். ஆய்வு முடிவு முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் குளத்துக்காரர் வீடு. கட்டுரை வெளிவரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. என்ன பேன், எத்தனை மீனில், என்ன செய்யலாம் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுக்க ஒரு மாலை போதும். மாதிரி எடுக்கும் முன்பே இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

மூங்கில் தட்டி முறை சரியானதே. ஆர்குலஸ் என்ற இந்த மீன் பேன், மீனை விட்டு நீந்திப் போய்த்தான் முட்டையிடும். எத்தனை நாளுக்கு ஒருமுறை தட்டியை எடுக்க வேண்டும் என்பது தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்தது. உங்கள் குளத்துக்கு எது சரிப்பட்டது என்று நீங்கள் குறித்து வைத்திருந்தால் அதுவே பயனுள்ள தரவு.

மரபணு ஆர்வலர்:

ஒரு மாற்றுக் கருத்து. இப்போது டிஎன்ஏ வரிசைப்படுத்தல் மலிவாகிவிட்டது. பூச்சியின் கால் துண்டு ஒன்று போதும், பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டால் பெயர் வந்துவிடும். பிரான்சுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இனி எதற்குக் கடிதம் எழுத வேண்டும்? பழைய முறை வகைப்பாட்டியலைப் பிடித்துக்கொண்டு நேரத்தை வீணாக்குகிறோம் என்று தோன்றுகிறது.

சேகரக் காப்பாளர்:

மேலே உள்ள நண்பருக்கு. தரவுத்தளம் தானாகப் பெயர் சொல்வதில்லை. யாரோ ஒருவர் பூச்சியைப் பார்த்து வைத்த பெயரைத்தான் திருப்பித் தருகிறது. அவர் ஆணைப் பார்த்து வேறு இனம் என்று நினைத்திருந்தால் உங்களுக்கும் அதே தவறுதான் கிடைக்கும். அந்த வரிசை எந்த உடலிலிருந்து வந்ததோ அந்த உடல் ஒரு புட்டியில் எண்ணோடு இருந்தால்தான் யாராவது திரும்பப் பார்த்துத் திருத்த முடியும். உடல் இல்லாத வரிசையை நான் பாதிச் சான்றாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

நம் கல்லூரிகளின் பழைய சேகரங்களில் பெரும்பாலானவை ஃபார்மலினில் கிடக்கின்றன. உருவம் அப்படியே இருக்கும், ஆனால் அதிலிருந்து டிஎன்ஏ எடுப்பது படாதபாடு. இனிமேல் எடுப்பதையாவது 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும், வெளியே ஒட்டிய சீட்டு உதிர்ந்துவிடும். மீன் எது, எந்தச் செவுள், எந்த வலை, எந்தக் கரை, என்ன தேதி. இவ்வளவும் இல்லாத புட்டியை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

வெளிநாட்டுக்கு அனுப்புவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் பல மாணவர்கள் தடுமாறுகிறார்கள். உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002இல் வந்தது. அதன்படி உயிரி மாதிரியைத் தபாலில் போட்டு வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பிவிட முடியாது. தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது, தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதிய இனம் கண்டுபிடித்தால் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் மாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. இதைச் சுமை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் கடல் பூச்சிக்குப் பெயர் வைக்கப் பயன்பட்ட மூல மாதிரியைப் பார்க்க நம் பிள்ளைகள் பாரிசுக்கு எழுதிக் கேட்கும் நிலை இனி வரக்கூடாது அல்லவா?

ஃபியோர்டு கரைத் தமிழன்:

நார்வேயிலிருந்து எழுதுகிறேன். கூட்டு வேலை தாமதமானால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு இந்த நாடே சாட்சி. கைரோடாக்டிலஸ் சலாரிஸ் என்று ஒரு ஒட்டுண்ணி, அரை மில்லிமீட்டர் நீளம்தான். முட்டையிடாமல் குட்டி போடும். தாயின் வயிற்றில் குட்டி, அந்தக் குட்டியின் வயிற்றில் அடுத்த குட்டி உருவாகத் தொடங்கியிருக்கும். பால்டிக் கடல் பக்கத்து ஆறுகளில் இருக்கும் சால்மன் இதைத் தாங்கிக்கொள்ளும். 1970களில் சுவீடனிலிருந்து வந்த குஞ்சு மீன்களோடு இது நார்வேக்குள் நுழைந்தது. இங்குள்ள அட்லாண்டிக் சால்மனுக்கு எதிர்ப்பே இல்லை. 50க்கும் மேற்பட்ட ஆறுகளில் பரவி, தொற்றிய ஆறுகளில் சால்மன் குஞ்சுகள் கிட்டத்தட்ட அழிந்தே போயின.

மருந்து என்ன தெரியுமா? ரோட்டினோன் என்ற நஞ்சை ஊற்றி ஆற்று மீன்களையே கொல்வது. ஒட்டுண்ணிக்கு ஒதுங்க மீனே இல்லாமல் செய்வது. அதற்கு முன்னால் அந்தந்த ஆற்றுச் சால்மனின் வம்சத்தை மரபு வங்கியில் பாதுகாத்து, பிறகு திரும்ப விடுகிறார்கள். பெரும்பாலான ஆறுகள் இப்போது மீண்டுவிட்டன, ஆனால் பல பத்தாண்டு உழைப்பு. இன்றும் ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகும் தூண்டில்காரர் வலை, காலணி எல்லாவற்றையும் கிருமி நீக்கம் செய்ய வேண்டும். எந்த இனம் எந்தக் கரை மீனைக் கொல்லும் என்று குஞ்சு ஏற்றுமதிக்கு முன்பே இரண்டு நாட்டு வல்லுநர்களும் உட்கார்ந்து பேசியிருந்தால் எத்தனை ஆறு தப்பித்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் வலிக்கிறது. அலங்கார மீன், பண்ணைக் குஞ்சு என்று நாடு விட்டு நாடு மீன் போகும் இந்தக் காலத்தில் நம் ஊருக்கும் இது பொருந்தும்.

மரபணு ஆர்வலர்:

காப்பாளர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். உடலும் வரிசையும் சேர்ந்தே இருக்க வேண்டும். மாணவி, உங்கள் மாதிரிகளுக்கு டிஎன்ஏ வேலை தேவைப்பட்டால் எங்கள் ஆய்வகத்தில் செய்து தர என் வழிகாட்டியிடம் பேசுகிறேன். புட்டி எண்ணை வரிசையோடு சேர்த்தே பதிவேற்றுவோம்.

நாகை வலைக்காரன்:

தங்கச்சி, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்ப ஒனக்கு மடி மீன் கெடைக்காது. எங்க ஃபைபர் படகு போவும். கானாங்கெளுத்தி, முரல் ரெண்டும் கெடைக்கும். பையும் பென்சிலும் சீட்டும் கொடுத்துடு, கழட்டுனவொடனே கட்டி ஐசுல போட்டுடுறேன். அந்த ஸ்பிரிட்டு மட்டும் படகுல வேணாம், அடுப்பு வச்சிருக்கோம். எங்க படகுல ரெண்டு பசங்க இருக்காங்க, அவங்களுக்கும் சொல்லித் தரணும். கட்டுரையில பேரு போடுவியா?

கரையோர மாணவி:

போடுவேன் அண்ணா. மாதிரி சேகரித்தவர் என்று புட்டிச் சீட்டிலேயே உங்கள் பெயர் இருக்கும். எந்த மீனில் எது என்று முடிவு செய்வதில் உங்கள் கவனிப்பு சேர்ந்தால் ஆசிரியர் வரிசையிலும் இருக்க வேண்டும் என்று வழிகாட்டியிடம் இப்போதே கேட்கிறேன். எத்தனால் கரையிலேயே இருக்கட்டும், ஐஸ் போதும். ஒரு பையில் ஒரு மீன் மட்டும். செவுளில் பூச்சி இல்லாத மீன்களையும் எண்ணிக் குறிக்கச் சொல்லுங்கள். நூறில் எத்தனைக்கு என்று கணக்குப் போட அந்த எண்ணிக்கைதான் வேண்டும்.

தஞ்சை அண்ணா, ஒரு பக்கக் குறிப்பை உங்கள் குளத்திலிருந்தே தொடங்கலாமா? தட்டி எடுத்த தேதிகள் இருந்தால் அனுப்புங்கள்.

தஞ்சை மீன்குளம்:

தீனிக் கணக்கு நோட்டுலயே எழுதி வச்சிருக்கேன்மா. போட்டோ எடுத்து இன்னிக்கு ராத்திரி போடுறேன்.